மிளகாய்க்குத் துணைப்பயிர்: பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில் செய்யும் தவறுகள்

முதன்முதலில் மிளகாய் வளர்த்தபோது ஒரே பாத்தியில் நான்கு மிளகாய், இரண்டு தக்காளி, ஒரு கத்தரி, ஓரமாக ஓர் உருளைக்கிழங்கு என்று நட்டேன். எல்லாமே வெயில் கேட்பவை. தண்ணீரும் உரமும் ஏறக்குறைய ஒரே அளவு. வேலை மிச்சம் என்று எனக்குள் பெருமை வேறு. ஐம்பது நாள் ஆனபோது தக்காளியின் ஒரு கிளை உச்சி வெயிலில் துவண்டது, மாலையில் நிமிர்ந்தது. தாகம் போலும் என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். நான்கே நாளில் அந்தச் செடி இலை பழுக்காமல், பச்சை மாறாமல் வாடிச் செத்தது. பிறகு கத்தரி. பிறகு தண்ணீர் ஓடிய வழியிலேயே மிளகாய்ச் செடிகள் ஒவ்வொன்றாக.

அது பாக்டீரியா வாடல் நோய். நான் கூடுதலாக ஊற்றிய தண்ணீர்தான் அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மிளகாய்க்கு எதைத் துணையாக வைப்பது என்று பட்டியல் பட்டியலாகப் படித்திருந்தேன். எதை வைக்கவே கூடாது, ஏன் கூடாது என்பதை யாரும் சொல்லியிருக்கவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை.

துணைப்பயிர் என்றால் ஒரு பயிருக்கு ஏதாவது ஒரு வகையில் உதவும் என்று அதன் பக்கத்தில் நடப்படும் இன்னொரு பயிர். வயலில் இதையே ஊடுபயிர், வரப்புப் பயிர், பொறிப்பயிர் என்று வேலையைப் பொறுத்துப் பெயர் மாற்றிச் சொல்கிறார்கள். இந்தப் பெயர்கள் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பெயரிலேயே வேலை இருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கான அட்டவணைகளில் அது இருப்பதில்லை. அவற்றில் செடிகள் எல்லாம் நண்பர்கள் அல்லது பகைவர்கள். இந்தச் செடி என்ன வேலை செய்யப்போகிறது, எப்போது செய்யும், அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்ற கேள்விகளைக் கேட்காமல் நடுவதுதான் தொடக்கத் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதன் கிளைகள்.

உறவினரைப் பக்கத்தில் வைப்பது

மிளகாய், குடைமிளகாய், தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, புகையிலை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். பூக்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாயல் தெரியும். குடும்பம் ஒன்று என்பதால் நோயும் பெருமளவு ஒன்று. பாக்டீரியா வாடல், வெர்ட்டிசிலியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல், மண்ணிலிருந்து வேருக்குள் புகுந்து முடிச்சு உண்டாக்கும் நுண்ணிய வேர்முடிச்சு நூற்புழு, அசுவினியும் வெள்ளை ஈயும் பரப்பும் நச்சுயிரிகள் ஆகியவற்றுக்கு இந்தக் குடும்பத்தின் ஒரு வீடு கிடைத்தால் போதும், மற்ற வீடுகளுக்கும் வழி தெரியும்.

ஒரே தோட்டத்தில் தக்காளியும் மிளகாயும் இருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது பெரும்பாலோருக்கு முடியாத காரியம். ஒரே பாத்தியில் வேரும் வேரும் தொட்டுக்கொள்ளும்படி வைக்காதீர்கள், ஒன்றின் வழியாக ஓடும் தண்ணீர் மற்றொன்றுக்குப் போகாமல் பாருங்கள். இடையில் வேறு குடும்பத்துப் பயிர் ஒரு வரிசை இருந்தால் நல்லது. இதைவிட முக்கியமாக, போன பருவம் தக்காளியோ கத்தரியோ நின்ற மண்ணில் இந்தப் பருவம் மிளகாயை வைக்காதீர்கள். துணைப்பயிர் என்றதும் இன்று பக்கத்தில் நிற்பதை மட்டும் நினைக்கிறோம். நேற்று அதே இடத்தில் நின்றதும் ஒரு வகையில் பக்கத்துச் செடிதான். இந்தக் குடும்பம் ஒரு பாத்திக்குத் திரும்பி வர மூன்று ஆண்டு இடைவெளி விட முடிந்தால் சிறப்பு.

உருளைக்கிழங்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதை எடுக்க மண்ணைத் தோண்ட வேண்டும். மிளகாயின் வேர்கள் பெரும்பாலும் மேல் மண்ணில், முதல் 30 சென்டிமீட்டருக்குள்தான் பரவியிருக்கும். கிழங்கு எடுக்கும் நேரத்தில் மிளகாய் பிஞ்சு பிடித்து நிற்கும். மண்வெட்டி அதையெல்லாம் பார்க்காது.

வாடிய செடி பாக்டீரியாவால் வாடியதா, தண்ணீர் போதாமல் வாடியதா என்று அறிய எளிய வழி இருக்கிறது. அடித்தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, வெட்டுவாய் நனையும்படி கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் பிடித்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெண்ணிற இழை கசிந்து இறங்கினால் பாக்டீரியாதான். அந்தச் செடியை வேரோடும் வேரைச் சுற்றிய மண்ணோடும் அகற்ற வேண்டும், உரக்குழியில் போடக்கூடாது. இதே வாடல் இஞ்சியையும் தாக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மிளகாய் நிழலில் இஞ்சி நன்றாக வரும் என்று யாராவது சொன்னால், மண்ணில் இதற்கு முன் வாடல் வந்ததுண்டா என்று முதலில் கேளுங்கள்.

குடும்பத்துக்கு வெளியே இருந்து வரும் ஆபத்து ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அட்டவணைகளில் இதைக் காண்பது அரிது. பூசணி, வெள்ளரி, சுரை போன்ற கொடிகள் மிளகாய்க்கு உறவே இல்லை. ஆனாலும் மிளகாயின் அடித்தண்டை அழுகச் செய்யும் ஃபைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரியின் ஓர் இனம் இந்தக் கொடிகளின் காயையும் தண்டையும் அதே மூர்க்கத்தோடு அழிக்கிறது. அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தக்கூடியவை, மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் தெரிந்தவை. வெள்ளரியைத் தாக்கும் தேமல் நச்சுயிரியும் மிளகாய்க்கு வரும், அதைக் கொண்டுவருவது அசுவினி. பூசணி இலை தரையை மூடிக் களையைத் தடுக்கும், ஈரத்தைக் காக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஈரமான மூட்டத்தின் நடுவில் மிளகாயின் கழுத்துப் பகுதி மாட்டிக்கொள்கிறது. தரையை மூடத்தான் வேண்டுமென்றால் வைக்கோல் மூடாக்குப் போடுங்கள். அது நோய் கொண்டுவராது, கொடி வீசி மிளகாய் மேல் ஏறவும் செய்யாது.

செண்டுமல்லி மீது வைத்த நம்பிக்கை

ஓரத்தில் இரண்டு செண்டுமல்லி நட்டால் பூச்சி வராது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் தவறு நடக்கிறது.

செண்டுமல்லியின் வேரில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் வேர்முடிச்சு நூற்புழுவைக் கொல்கிறது. இது நன்கு நிறுவப்பட்டது. ஆனால் அந்த வேலை நடக்க, நூற்புழு இருக்கும் மண் முழுவதும் செண்டுமல்லி வேர் அடர்ந்து பரவ வேண்டும். மிளகாய் நடுவதற்கு முன்பே அந்தப் பாத்தியில் செண்டுமல்லியை மட்டும் நெருக்கமாக இரண்டு மாதமாவது வளர்த்து, பிறகு மண்ணோடு மடக்கி உழ வேண்டும். இது முன்பயிராகச் செய்யும் வேலை. மூலையில் இரண்டு செடி நின்றால் அந்த இரண்டு செடிக்கடியில் இருக்கும் நூற்புழுவுக்கு மட்டும்தான் தொல்லை.

இரண்டாவது வேலை பொறிப்பயிர் வேலை. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குச் செண்டுமல்லியின் மொட்டும் பூவும் பிடிக்கும், முட்டையை அங்கே இடும். ஆக, மிளகாய் பூக்கத் தொடங்கும்போது செண்டுமல்லி ஏற்கெனவே பூத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் விதைத்தால் கணக்குத் தவறும், செண்டுமல்லி நாற்று சுமார் 15 நாள் மூத்ததாக இருக்கட்டும். பொறி என்ற சொல்லுக்கு ஏற்ப, விழுந்ததை எடுக்கவும் வேண்டும். புழு இருக்கும் மொட்டையும் பூவையும் பறித்து அழிக்காவிட்டால் நாமே காய்ப்புழுவுக்கு ஒரு நாற்றங்கால் நடத்துகிறோம் என்று அர்த்தம். ஆமணக்கை வரப்பில் வைப்பவர்களும் இதையே மறக்கிறார்கள். இலையைத் தின்னும் புரோடீனியா புழுவின் தாய் அந்துப்பூச்சி ஆமணக்கு இலையின் அடியில் குவியலாக முட்டை வைக்கும். புழு பொரித்ததும் இலை சல்லடைபோல ஆகும். அந்த ஓர் இலையைக் கிள்ளி எடுத்தால் நூற்றுக்கணக்கான புழு போய்விடும். கிள்ளாமல் விட்டால் அந்த நூற்றுக்கணக்கானவையும் மிளகாய்க்கு நடந்து வரும்.

கொஞ்சம் சங்கடமான செய்தியும் உண்டு. செண்டுமல்லி இலைப்பேனுக்கும் சிவப்புச் சிலந்திப்பேனுக்கும் பிடித்த செடி. வறண்ட வெப்பக் காலத்தில் முதலில் அதில்தான் வலை பின்னும். வாரம் ஒரு முறை அதன் இலையைத் திருப்பிப் பார்க்க நேரமில்லாதவர் அதை மிளகாய்க்கு ஒரு கை தள்ளியே வைக்கட்டும்.

இங்கே ஓர் இடைச்செருகல். மிளகாய் இலை சுருண்டாலே பக்கத்துச் செடியின் மேல் பழி போடுவதற்கு முன், எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள். ஓரம் மேல்நோக்கி மடிந்து படகுபோல இருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து கவிழ்ந்த படகுபோல இருந்தால் மஞ்சள் சிலந்திப்பேன். இலை சிறுத்து, கணு நெருங்கி, செடியே குட்டையாகிப் போனால் வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மருந்து இல்லை, செடியைப் பிடுங்க வேண்டியதுதான். இந்த மூன்றில் எதையும் துளசி வாசனை ஓட்டிவிடும் என்று நான் நம்பவில்லை. வெங்காயம், பூண்டு, துளசி ஆகியவற்றை மிளகாய்க்கிடையே நான் வைப்பதுண்டு. இடம் அடைப்பதில்லை, வேர் ஆழம் போவதில்லை, நிழலும் கட்டுவதில்லை என்பதே காரணம். வாசனையை மருந்துக்குப் பதிலாக நம்பி வைத்தால் ஏமாற்றம்தான். வெங்காயத்தைத் தாக்கும் இலைப்பேனே மிளகாய் மேலும் ஏறக்கூடியது.

அவரை தரும் தழைச்சத்து எப்போது வரும்?

பயறு வகைகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும், ஆகவே மிளகாய்க்குப் பக்கத்தில் பீன்ஸ் வைத்தால் உரம் வேண்டாம் என்கிறார்கள். பிடிப்பது உண்மை. ஆனால் வேர் முடிச்சில் பிடித்த சத்தைப் பீன்ஸ் செடி தனக்காகத்தான் பயன்படுத்துகிறது. உயிரோடு இருக்கும்வரை பக்கத்துச் செடிக்குக் கொடுப்பது மிகச் சொற்பம். வேரும் தண்டும் மண்ணிலேயே மக்கும்போதுதான் அது மற்றவர் கைக்கு வரும். ஆகவே பீன்ஸ் முடிந்ததும் வேரோடு பிடுங்கி எறிவது, கணக்கில் போட்ட பணத்தை எடுக்காமலே கணக்கை மூடுவதுபோல. தரைமட்டத்தில் வெட்டிவிட்டு வேரை மண்ணில் விடுங்கள். பலன் அடுத்த பயிருக்கு.

இன்னொன்று: மிளகாய்க்குத் தழைச்சத்து மிகுந்தால் இலை கரும்பச்சையாகச் செழிக்கும், பூ குறையும், அசுவினிக்கு விருந்தாகும். எனவே அந்தச் சத்து மெதுவாக வருவதில் நமக்கு நட்டமில்லை.

எந்த பீன்ஸ் என்பதும் முக்கியம். குத்துச்செடியாக நிற்கும் வகை சரி. கொடி வகை மிளகாயையே பந்தலாக நினைத்துச் சுற்றி ஏறிவிடும். மிளகாய்க் கிளை எளிதில் முறியக்கூடியது, காய்த்த நேரத்தில் இன்னும் எளிதாக.

வெளிச்சம், இடம், தண்ணீர்

நோயும் பூச்சியும் இல்லாமலேயே மிளகாயைத் தோற்கடிக்கக் கூடியவை இவை. மிளகாய்க்கு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேர நேரடி வெயில் வேண்டும். உயரமான சூரியகாந்தியும் மக்காச்சோளமும் காலை வெயிலை மறைத்தால், செடி ஒல்லியாக உயர்ந்து சில பூக்களோடு நின்றுவிடும். மறுபுறம், பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தொடங்கினாலும் இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலும் பூ உதிரத் தொடங்கும். அப்போது பிற்பகலில் விழும் லேசான நிழல் வரம். குடைமிளகாய்க் காயில் வெயில் பட்ட பக்கம் வெளுத்துக் காகிதம்போல் ஆவதையும் அந்த நிழல் தடுக்கும். ஆகவே உயரமான பயிர் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. எந்தத் திசையில் நிற்கிறது, எந்த நேரத்தில் நிழல் விழுகிறது என்பதைப் பொறுத்தது. நடுவதற்கு முன் ஒரு குச்சியை அந்த உயரத்தில் நட்டு, ஒரு நாள் முழுவதும் நிழல் போகும் வழியைப் பார்த்துவிடுங்கள்.

மக்காச்சோளத்துக்கு இன்னொரு நல்ல வேலையும் உண்டு. வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை நெருக்கமாக விதைத்து, மிளகாய் நடும்போது அது ஓரளவு வளர்ந்திருக்கச் செய்தால் தடுப்புச் சுவராக நிற்கும். பறந்து வரும் அசுவினி முதலில் அதில் இறங்கிக் குத்திப் பார்க்கும்போது வாயில் ஒட்டியிருந்த தேமல் நச்சுயிரி அங்கேயே கழிந்துபோகிறது. ஆனால் நாலு மக்காச்சோளச் செடி சுவர் ஆகாது. சிறிய தோட்டத்தில் அந்த நாலு செடி செய்யும் வேலை, காய்ப்புழுவை வரவேற்பது மட்டுமே.

நெருக்கி நடுவது இன்னொரு சபலம். நாற்று சிறியதாக இருக்கும்போது நடுவிலே எவ்வளவு இடம் வீணாகிறது என்று தோன்றும். மிளகாய்க்கு மிளகாய் 45 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளி கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இலைகளுக்கிடையே காற்று ஓடாவிட்டால் பனியும் மழையும் காயாமல் நிற்கும், பழ அழுகல் வரும். அந்த இடத்தை நிரப்ப ஆசைப்பட்டால் காலத்தைப் பார்த்து நிரப்புங்கள். முள்ளங்கியும் சிறு கீரைகளும் ஒரு மாத வாக்கில் அறுவடைக்கு வந்துவிடும், மிளகாய் கிளை விரிப்பதற்குள் இடத்தைக் காலி செய்துவிடும். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் அப்படி அல்ல. குளிர் விரும்பிகள், பெருந்தீனிக்காரர்கள், அகல இலைக்காரர்கள். மிளகாயோடு எதிலும் ஒத்துப்போகாதவை. தொட்டியில் வளர்ப்பவருக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்லலாம்: ஒரு சாதாரணத் தொட்டிக்கு ஒரு மிளகாய். துணை வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு தொட்டி.

புதினாவை மட்டும் தொட்டியை விட்டு வெளியே விடவே கூடாது. ஒரு துண்டு வேர் போதும், அடுத்த பருவத்தில் பாத்தி அதனுடையது. ரோஸ்மேரி, லாவெண்டர் போன்றவை வறண்ட மண்ணை விரும்புபவை. மிளகாய்க்குப் போதுமான ஈரம் வைத்தால் அவை அழுகும், அவற்றுக்குப் போதுமான வறட்சி வைத்தால் மிளகாய் பூ உதிர்க்கும்.

வேதிப்பொருளால் மற்ற செடிகளை ஒடுக்கும் செடிகள் உண்டு. கறுப்பு வால்நட் மரம் இதில் உண்மையான ஆபத்து. அதன் வேர், இலை, காயின் தோல் எல்லாவற்றிலும் ஜுக்ளோன் என்ற நச்சு இருக்கிறது, மிளகாய்க் குடும்பம் அதைத் தாங்காது. மரத்தின் நிழல் எல்லைக்கு அப்பாலும் வேர் போயிருக்கும். அதன் சருகை மூடாக்காகவும் போடக்கூடாது. பெருஞ்சீரகத்தைப் பற்றிய அச்சம் இவ்வளவு கடுமையானது அல்ல. அதன் சாறு மற்ற விதைகளின் முளைப்பைத் தடுப்பதுண்டு. ஆனால் பூத்தால், பயிர்ப்பூச்சிகளை அழித்து நமக்கு உதவும் ஒட்டுண்ணிக் குளவிகளும் பொறிவண்டுகளும் தேடி வரும் செடி அது. தனித் தொட்டியில், சற்றுத் தொலைவில் வைத்தால் இரண்டும் நடக்கும். கொத்தமல்லியைப் பூக்க விட்டாலும் அந்த விருந்தாளிகள் வருவார்கள். நாம்தான் பூப்பதற்குள் கிள்ளிவிடுகிறோம்.

காரம் தொற்றிக்கொள்ளுமா?

குடைமிளகாய்க்குப் பக்கத்தில் கார மிளகாய் வைத்தால் குடைமிளகாய் காரமாகிவிடும் என்ற பயத்தில் இரண்டையும் தோட்டத்தின் இரு மூலைகளில் வைப்பவர்கள் பலர். இந்தப் பருவக் காய்க்கு அந்தப் பயம் தேவையில்லை. காரம் உண்டாவது காயின் உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில். அது தாய்ச் செடியின் உடல், மகரந்தம் யாருடையது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. மாறுவது உள்ளே இருக்கும் விதை. மிளகாய் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்த்துக்கொள்ளும், ஆனால் தேனீ வந்தால் கலப்பும் நடக்கும். காரம் ஓங்கு பண்பு, அதாவது கலப்பில் மேலோங்கி வெளிப்படும் பண்பு என்பதால், அப்படிக் கலந்த விதையை எடுத்து அடுத்த ஆண்டு நட்டால் குடைமிளகாய் என்று நம்பிக் கடித்தவருக்குக் கண்ணீர் வரும்.

ஆகவே விதை எடுக்கப் போவதில்லை என்றால் இரண்டையும் தாராளமாகப் பக்கத்தில் வையுங்கள். எடுக்கப் போகிறீர்கள் என்றால், பூ விரிவதற்கு முன்பே மொட்டுகளோடு ஒரு கிளையை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிக் கட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் ஒரு வண்ண நூலைக் கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் பறிக்கும் அவசரத்தில் அந்தக் காயும் மற்ற காய்களோடு கூடைக்குள் போய்விடும். எனக்கு இரண்டு முறை போயிருக்கிறது.